சுண்டெலித் தராசு

மீன் கெட்டுவிட்டால் மூக்கு சொல்லிவிடும். இறைச்சி கெட்டுவிட்டால் கண்ணே சொல்லிவிடும். நஞ்சேறிய சிப்பியைப் பற்றி மட்டும் நம் ஐம்புலன்களுள் எதுவும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அது புதிதாகவே இருக்கும். மணமும் சுவையும் வழக்கம் போலவே இருக்கும். எவ்வளவு நேரம் கொதிக்க வைத்துச் சமைத்தாலும் உள்ளிருக்கும் நஞ்சு அழிவதில்லை. உண்ட சிறிது நேரத்தில் உதடு மரத்துப் போகும். பிறகு விரல் நுனிகள், பிறகு கை கால்கள். நஞ்சின் அளவு மிகுதியாயின் மூச்சை இழுக்கும் தசைகளும் வேலை செய்ய மறுத்துவிடும். அறிவு தெளிவாக இருக்கும்போதே மூச்சு நின்று மனிதன் இறந்து போவான். இத்தகைய நஞ்சைச் சிப்பி சந்தைக்கு வருமுன் கண்டறிவது எங்ஙனம்? இக்கேள்விக்கு மனித சமூகம் காலந்தோறும் கொடுத்து வந்த விடைகளின் சரித்திரத்தை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

நாம் விஞ்ஞானியல்லோம், வைத்தியருமல்லோம். தோட்டத்து ஆபீஸில் செக்ரோலும் பால் கணக்கும் எழுதிக் காலங் கழிப்பவர். ஆங்கிலப் பள்ளியில் படித்த பழக்கத்தால் கைக்கு அகப்பட்ட நூல்களைப் புரட்டுவது உண்டு. அவ்வாறு புரட்டுகையில் கண்ட விஷயம் இது. நம் மனம் இதில் நிலைத்து நின்றதற்குக் காரணம் இது அடிப்படையில் ஒரு தராசின் கதையாக இருப்பதே. காலைதோறும் பால் கொட்டகையில் நின்றுகொண்டு, வாளி வாளியாக வந்து இறங்கும் ரப்பர்ப் பாலை நிறுத்து எழுதுகிறவனுக்குத் தராசு சரிதானா என்பது வெறுங் கேள்வியன்று. அது எதிரே நிற்பவர் வீட்டு அடுப்பைப் பற்றிய கேள்வி.

நிற்க. 1793-ஆம் வருஷம் ஜூன் மாதம் 15-ஆம் தேதி நிகழ்ந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குவோம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையை அளந்து படமெழுதச் சென்ற காப்டன் ஜார்ஜ் வான்கூவரின் கப்பல்களைச் சேர்ந்த மாலுமிகள் சிலர், இன்று பிரிட்டிஷ் கொலம்பியா எனப்படும் நாட்டின் கரையோரக் குடா ஒன்றில் படகைவிட்டு இறங்கிப் பாறைச் சிப்பிகளைச் சமைத்துக் காலையுணவாக உண்டனர். சற்று நேரத்தில் அவர்களுக்கு முகமும் கைகளும் மரத்தன. ஜான் கார்ட்டர் என்ற மாலுமி படகு கரை சேரும் வரையில் துடுப்பை விடாமல் வலித்தார். கரை சேர்ந்ததும் எழுந்து இறங்க முயன்றவர் அப்படியே விழுந்தார். அன்றைய தினமே இறந்தும் போனார். மற்றவர்கள் வெந்நீரை நிறையக் குடித்து ஒருவாறு பிழைத்துக்கொண்டனர். அவரை அடக்கம் செய்த குடாவுக்கு வான்கூவர் அவர் பெயரையே இட்டார். சிப்பி எடுத்த இடத்திற்கு நஞ்சுக்குடா என்று பொருள்படும் பெயரை இட்டார். அவ்விரு பெயர்களும் படத்தில் இன்றும் இருக்கின்றன.

ஆறு வருஷங்களுக்குப் பின், 1799-இல், அலாஸ்காவில் ருஷியத் தோல் வியாபாரக் கம்பெனிக்காகக் கட்டாயத்தின்பேரில் கடல் நீர்நாய் வேட்டைக்குக் கொண்டுபோகப்பட்ட அலியூட் இனத்தார், ஒரு நீர்ச்சந்தியில் தங்கிச் சிப்பி உண்டு நூற்றுக்கணக்கில் மாண்டனர். அந்தச் சந்திக்கு ஆபத்துச் சந்தி என்ற பெயர் அதனாலேயே வந்தது. கார்ட்டருக்கு ஒரு குடாவின் பெயர் கிடைத்தது. இவர்களுள் ஒருவருக்கேனும் அந்த மரியாதை கிடைத்ததாக நாம் படித்த நூல்களில் காணோம். கூலிக்கு உழைக்கிறவன் செத்தால் எண்ணிக்கையோடு நின்றுவிடுவது சரித்திரத்தின் பழைய வழக்கமாதலின் இதில் வியப்பொன்றுமில்லை.

அக்கரையின் பூர்வ குடிகள் இதனை அறியாதவர்களல்லர். கோடைக் காலத்தில் இரவு நேரங்களில் கடலலை ஒளிவிடக் கண்டால் அவர்கள் சிப்பி எடுப்பதை நிறுத்திவிடுவர். விவரம் தெரியாமல் உள்நாட்டிலிருந்து வருகிறவர்களைத் தடுக்கக் கரையில் காவலும் வைப்பர் என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் எழுதி வைத்திருக்கின்றனர். எழுத்தறியாதவரெனப்பட்ட அம்மக்களின் இந்த வழக்கம் அக்காலத்து ஐரோப்பியர் கையாண்ட உபாயங்களைவிடப் பன்மடங்கு மேலானது. ஐரோப்பியரோ, சிப்பி வேகும் சட்டியில் வெள்ளி நாணயத்தைப் போட்டு அது கறுக்கிறதா என்று பார்த்தனர். வெள்ளைப்பூண்டைப் போட்டும் பார்த்தனர். நாணயத்திற்கும் நஞ்சிற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. இங்கிலீஷ் மாதப் பெயர்களுள் 'ஆர்' என்ற எழுத்தில்லாத மாதங்களில், அதாவது மே முதல் ஆகஸ்டு வரையில், சிப்பி உண்ணலாகாது என்பதும் அவர்களுடைய பழைய விதி. குளிர் நாடுகளில் கோடைக் காலத்தில் நஞ்சு மிகுதியாவதால் அந்த விதியில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கடல் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லையாதலின் செப்டம்பரிலும் அக்டோபரிலும் அதனை நம்பிச் செத்தவர்களும் உண்டு. வருஷம் முழுவதும் ஒரே வெயிலாயிருக்கும் நமது கடல்களிலோ அவ்விதிக்குப் பொருளே இல்லை. நாள் பார்த்தும் எழுத்துப் பார்த்தும் காரியம் செய்வது நம்மவர்க்கு மட்டும் உரிய வியாதியன்று என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டோம்.

1885-இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாவன் துறைமுகத்தில் சிப்பியுண்ட துறைமுகத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் நோயுற்றுச் சிலர் இறந்தபோதுதான் விஞ்ஞானம் இதில் முதன்முதலாகக் கருத்தைச் செலுத்தியது. பேரறிஞர் விர்க்கோ போன்றோர் அதனை ஆராய்ந்தனர். பிரீகர் என்ற இரசாயன அறிஞர் நஞ்சைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கருதி அதற்குப் பெயரும் இட்டார். பெயர் நின்றது, பொருள் சரியானதாக இல்லை. நஞ்சு எங்கிருந்து வருகிறது என்பதும் விளங்கவில்லை. கழிவு நீரால் வருகிறதென்றார் சிலர். சிப்பிக்கு நோயென்றார் சிலர். கப்பலின் அடியிலுள்ள செம்புத் தகட்டால் வருகிறதென்றாரும் உண்டு.

விடை கிடைத்தது கலிபோர்னியாவில். 1927-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தை அடுத்த கரைகளில் சிப்பியுண்டவர்களுள் 102 பேர் நோயுற்றனர்; 6 பேர் இறந்தனர். அந்நகரத்தில் கலிபோர்னியா ஸர்வகலாசாலையைச் சேர்ந்த ஹூப்பர் ஆராய்ச்சிச் சாலையின் தலைவராயிருந்த கார்ல் மேயரும், அவரோடு உழைத்த ஹெர்மன் ஸோமரும் இதனைக் கையிலெடுத்தனர். பத்து வருஷம் விடாது உழைத்து, 1937-இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். சிப்பி நஞ்சை உண்டாக்குவதில்லை. கடல்நீரை வடிகட்டி உண்ணும் அதன் உடம்பில், நுண்பெருக்காடியால் அல்லாது காணமுடியாத ஒருவகைக் கடற்பாசி உயிர் சேர்கிறது. நஞ்சு அந்த உயிருடையது. கடலில் அவ்வுயிர் பெருகும்போது சிப்பியில் நஞ்சு ஏறுகிறது. அது குறையும்போது இறங்குகிறது. சிப்பிக்கு இதனால் பெருந்தீங்கு ஒன்றுமில்லை. இவ்வளவும் தெளிவாயிற்று. பூர்வ குடிகள் கண்ட கடலொளியும் இத்தகைய நுண்ணுயிர்கள் பெருகுவதன் அடையாளமே என்பதை வாசகர்கள் இதனால் அறியலாம்.

இதைக் கண்டறிய அவர்களுக்கு ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. எந்தப் பொருள் நஞ்சு என்று தெரியாதபோது அதனை எந்தத் தராசில் நிறுப்பது? ஸோமர் சுண்டெலியையே தராசாக்கினார். அரைத்த சிப்பிச் சதை நூறு கிராம் எடுத்து, அமிலங் கலந்த நீரில் ஐந்து நிமிஷம் கொதிக்க வைப்பர். ஆறியபின் வடித்த சாற்றில் ஒரு மில்லிலிட்டரை மூன்று வெள்ளைச் சுண்டெலிகளின் வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்துவர். பின்னர்க் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பர். சுண்டெலி கடைசி மூச்சுக்குத் திணறும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஸோமர் வகுத்த வாய்பாட்டில் பார்த்தால் நஞ்சின் அளவு தெரியும். இருபது கிராம் எடையுள்ள சுண்டெலி ஒன்றைப் பதினைந்து நிமிஷத்தில் கொல்லப் போதிய நஞ்சு எவ்வளவோ அதற்குச் 'சுண்டெலி அலகு' என்று பெயர். முழத்திற்கு மனிதன் கையும், சாணுக்கு அவன் விரலும் அளவானதுபோல், இதற்கு ஒரு சிற்றுயிரின் சாவே அளவாயிற்று.

இம்முறையால் எண்ணற்ற மனித உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. நூறு கிராம் சதையில் 400 அலகுக்கு மேல் இருந்தால் அந்தக் கரையை மூடிவிடுவது என்ற விதி அமெரிக்காவில் ஏற்பட்டுப் பிற நாடுகளுக்கும் பரவிற்று. அதற்கு முன்னெல்லாம் கார்ட்டரும் அலியூட் வேட்டைக்காரரும் துறைமுகத் தொழிலாளரும் அல்லவா சுண்டெலியாக இருந்தார்கள்? ஆயினும் அத்தராசில் குற்றங்கள் மலிந்திருந்தன. ஓர் ஊரில் வளர்த்த சுண்டெலி சாகும் அளவில் மற்றோர் ஊர்ச் சுண்டெலி சாவதில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பேதம்; எடைக்கு எடை பேதம். சாற்றில் உப்பு மிகுந்தால் நஞ்சு குறைவாகத் தோன்றும். சில சிப்பிகளில் இயற்கையாகவே மிகுந்திருக்கும் துத்தநாகத்தால் செத்த சுண்டெலியைப் பார்த்து, நஞ்சினால் செத்ததென்று முடிவு செய்ததும் உண்டு. விதிக்கப்பட்ட எல்லையில் ஏறக்குறையப் பாதிக்குக் கீழே நஞ்சு இருப்பின் சுண்டெலிக்கு அது தெரிவதே இல்லை.

தோட்டத்தில் நாம் கண்டிருக்கிறோம்: இரண்டு கொட்டகைகளில் இரண்டு தராசுகள் இரண்டு விதமாகக் காட்டினால் சண்டை வரும். சண்டையைத் தீர்ப்பது யார் குரல் பெரிது என்பதன்று. சர்க்கார் முத்திரையிட்ட படிக்கல் ஒன்றைக் கொண்டுவந்து இரண்டிலும் வைத்துப் பார்ப்பதுதான். சிப்பி நஞ்சிற்கும் அத்தகைய படிக்கல் ஒன்று வேண்டியிருந்தது. அதாவது, நஞ்சையே தூய பொருளாகப் பிரித்தெடுத்து, இத்தனை மைக்ரோகிராம் என்று நிறுத்துக் கொடுக்க வேண்டும். 1957-இல் எட்வர்ட் ஷான்ட்ஸ் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும் அதைச் செய்து முடித்தனர். அலாஸ்காவில் கிடைக்கும் பெரிய மட்டியின் குழாய்ச் சதையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். அந்த மட்டியின் லத்தீன் பெயரைக்கொண்டு அந்நஞ்சு சாக்ஸிடாக்ஸின் எனப் பெயர் பெற்றது. பழைய 400 அலகு என்பது சுமார் 80 மைக்ரோகிராம் என்று அப்பொழுதுதான் தெரிந்தது.

இவ்வளவு பொருட்செலவில் இதனைப் பிரித்தெடுக்கப் பணம் கொடுத்தவர் யார் என்று கேட்டால், விடை நம்மைத் திடுக்கிட வைக்கும். ஷான்ட்ஸ் வேலை பார்த்தது அமெரிக்கச் சேனையின் டெட்ரிக் முகாமில்; அது உயிரியல் யுத்த ஆயுதங்களை ஆராய்ந்த இடம். சிப்பி தின்னும் ஏழைக்காக அன்று, பகைவனைக் கொல்வதற்காகவே அந்நஞ்சு முதலில் தூய்மை செய்யப்பட்டது. 1960-ஆம் வருஷம் மே மாதம் முதல் தேதி சோவியத் நாட்டின்மேல் வேவு பார்க்கப் பறந்து வீழ்த்தப்பட்ட விமானி பவர்ஸ் என்பவர், உயிர் மாய்த்துக்கொள்ளத் தேவைப்படின் உதவுமென்று ஒரு வெள்ளி டாலர் நாணயத்திற்குள் ஒளித்த ஊசியொன்றை வைத்திருந்தார். அதில் தோய்ந்திருந்தது இந்த நஞ்சே. சிப்பியின் நஞ்சைக் காட்டுமென்று வெள்ளி நாணயத்தைச் சட்டியில் போட்டது ஒரு காலம். அந்நஞ்சையே நாணயத்திற்குள் வைத்தது மற்றொரு காலம். ஜனாதிபதி நிக்ஸன் 1970-இல் இத்தகைய நஞ்சுகளையெல்லாம் அழிக்க உத்தரவிட்ட பின்பும், அமெரிக்க ஒற்றர் நிலையத்தார் சுமார் 11 கிராமைப் பதுக்கி வைத்திருந்தனர். 1975-இல் அந்நாட்டு மேல்சபைக் கமிட்டி ஒன்று நடத்திய விசாரணையில் இது வெளியாயிற்று. பதினொரு கிராம் என்பது சிறிதன்று. ஆயிரக்கணக்கானோரைக் கொல்லப் போதியது. அது பின்னர் அழிக்கப்படாமல் ஆராய்ச்சியாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. நரம்பின் வழியே செய்தி செல்லுவது எவ்வாறு, சோடியம் உப்பின் அணுக்கள் நுழையும் நரம்பு வாயிலை இந்நஞ்சு எவ்வாறு அடைக்கிறது என்பவற்றை விளக்க அது பயன்பட்டது. அதே 1975-இல் அந்நஞ்சின் அணு அமைப்பும் தெரியவந்தது.

படிக்கல் கிடைத்த உடனே சுண்டெலிக்கு விடுதலை வந்ததோ என்றால், இல்லை. படிக்கல்லைக்கொண்டு அவர்கள் முதலில் செய்தது சுண்டெலியைத் திருத்தியதுதான். தூய நஞ்சை நிறுத்து ஊசியேற்றி, எந்த ஊர்ச் சுண்டெலி எவ்வளவில் சாகிறதென்று கணக்கிட்டு, தங்கள் தங்கள் தராசைச் சரிசெய்துகொண்டனர். 1959-இல் சுண்டெலிச் சோதனை அமெரிக்க இரசாயனப் பரிசோதகர் சங்கத்தின் அதிகார முறையாயிற்று. அதே 1959-இல்தான் இங்கிலாந்தில் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர், பிராணிகளைச் சோதனைக்கு உட்படுத்துவதில் கருணை வேண்டும் என்பது குறித்து நூலொன்று வெளியிட்டனர். பிராணிக்குப் பதில் வேறு முறை காண்பது, பிராணிகளின் தொகையைக் குறைப்பது, வேதனையைத் தணிப்பது என்னும் கொள்கைகளை இன்று ஆராய்ச்சிச் சாலைகள் யாவும் ஓதுகின்றன. அவற்றுக்கு மூலம் அந்நூலே. நூல் வெளிவந்த காலத்தில் அதனைப் பொருட்படுத்தினோர் மிகச் சிலர்.

இடையில் தராசின் வேலை பெருகிற்று. 1976-இல் ஜப்பானின் வடகிழக்குக் கரையில் சிப்பியுண்டவர்களுக்கு வாந்தியும் பேதியும் உண்டாயின. டோஹோக்கு ஸர்வகலாசாலைப் பேராசிரியர் யாஸுமோட்டோ ஆராய்ந்து இது வேறொரு நஞ்சென்று கண்டார். இதற்கும் சுண்டெலியே தராசாயிற்று. ஆனால் இந்நஞ்சு விரைவில் கொல்வதன்று. ஊசியேற்றிய சுண்டெலியை இருபத்துநான்கு மணி நேரம் வரையில் பார்த்திருக்க வேண்டும். முன்னதில் வேதனை நிமிஷக் கணக்கு. பின்னதில் மணிக் கணக்கு. அவ்வேதனைக்குப் பின் கிடைக்கும் விடையேனும் சரியானதா? சிப்பியில் இயற்கையாகவுள்ள கொழுப்பமிலங்களாலும் சுண்டெலி செத்ததுண்டு. அதனால் நல்ல சிப்பி வளர்த்தவர்களின் தொழில் வீணே முடக்கப்பட்டதும் உண்டு.

சுண்டெலியின் குறையும் சுண்டெலியின் பெருமையும் ஒருங்கே வெளிப்பட்டது 1987-ஆம் வருஷத்தின் கடைசி மாதங்களில். கானடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலிருந்து வந்த வளர்ப்புச் சிப்பிகளை உண்டவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். முதியோர் சிலர் இறந்தனர். பிழைத்தவர்களுள் சிலருக்கு ஞாபகம் திரும்பவில்லை. காலையில் நடந்தது மாலையில் நினைவில்லாமற் போயிற்று. வழக்கமான சோதனையின்படி சுண்டெலிக்கு ஊசியேற்றியபோது, அது முடக்குவாதத்தால் சாகவில்லை. பின்னங்காலால் தோளை ஓயாமல் சொறிந்துகொண்டு, பின் வலிப்புக் கண்டு இறந்தது. இதுவரை யாரும் காணாத அறிகுறி. ஹாலிபாக்ஸ் நகரத்துத் தேசிய ஆராய்ச்சிச் சாலையின் விஞ்ஞானிகள் இரவு பகலாக உழைத்துச் சில நாட்களுக்குள் பொருளைப் பிடித்துவிட்டனர். அது டோமோயிக் அமிலம். ஜப்பானில் குழந்தைகளின் வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாகப் பயன்பட்ட ஒரு கடற்பாசியில் முன்பே கண்டறியப்பட்டது. இதற்கு ஒரு கிலோ சதையில் 20 மில்லிகிராம் என்று எல்லை வகுத்தனர். அவ்வெல்லையில் சுண்டெலி ஒன்றும் சொல்லாது. அதற்கு இருமடங்கு ஏறினால்தான் சொல்லும். ஆதலின் இந்நஞ்சுக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே இரசாயன முறையைக் கையாண்டனர்.

இவ்விஷயத்தை நாம் நெடுநேரம் எண்ணிப் பார்த்ததுண்டு. இயந்திரம் எதைத் தேடச் சொன்னோமோ அதைத்தான் தேடும். பெயர் தெரியாத நஞ்சை அது கேட்கவும் கேட்காது, காட்டவும் காட்டாது. சுண்டெலியோ பெயரறியாமலே 'இதில் ஏதோ இருக்கிறது' என்று தன் உயிரைக் கொண்டு சொல்லிற்று. 1995-இல் அயர்லாந்தின் கில்லரித் துறைச் சிப்பிகளை ஹாலந்தில் உண்டு எட்டுப் பேர் நோயுற்றபோதும் அவ்வாறே நடந்தது. தெரிந்த நஞ்சு எதுவும் போதிய அளவில் இல்லை. ஆயினும் சுண்டெலி செத்தது. அதைத் தொடர்ந்து சென்றுதான் அஸாஸ்பிராசிட் என்ற புதுவகை நஞ்சைக் கண்டனர். ஜீவகாருண்யம் பேசும் நாம் இதனையும் சேர்த்தே பேச வேண்டும். விடுதலைக்கு வாதாடுகிறவன் எதிர்க்கட்சியின் நல்ல சாட்சியை மறைத்தால், கேட்பவர் மற்றச் சாட்சிகளையும் நம்பமாட்டார்.

ஆனால் அந்நல்ல சாட்சி அன்றாட வேலைக்கு உரியதன்று. ஆயிரம் மாதிரிகளில் தெரிந்த நஞ்சையே தேடுவதற்கு ஆயிரக்கணக்கான உயிர்கள் எதற்கு? இக்கேள்விக்கு விடையாக வந்ததே திரவக் குரோமடோகிராபி என்னும் முறை. மெல்லிய குழாய் ஒன்றில் நுண்தூளை அடைத்து, அதனூடே சிப்பிச் சாற்றை மிகுந்த அழுத்தத்துடன் செலுத்துவர். சாற்றிலுள்ள ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்தில் சென்று தனித்தனியே வெளிவரும். சாக்ஸிடாக்ஸின் இனத்து நஞ்சுகளைத் தகுந்த இரசாயனத்தோடு சேர்த்தால் அவை ஒளிவிடும் பொருள்களாக மாறும். அவ்வொளியை அளந்தால் நஞ்சின் அளவு கிடைக்கும். ஜப்பானிய அறிஞர் ஓஷிமாவும் கானடா நாட்டு லாரன்ஸும் இதில் பெயர் பெற்றவர்கள். லாரன்ஸின் முறை 2005-இல் அதிகார முறையாக ஏற்கப்பட்டது. பேதி உண்டாக்கும் நஞ்சுகளுக்கோ, அவ்வாறு பிரிந்து வருபவற்றின் அணுத்திரளையே எடைபோட்டு அடையாளங் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி துணையாயிற்று.

இதில் பெரிய தடையாக நின்றது கருவியன்று, மறுபடியும் படிக்கல்தான். சாக்ஸிடாக்ஸின் என்பது தனியாளன்று. ஐம்பதுக்கு மேற்பட்ட உறவினரைக் கொண்ட குடும்பம். ஒன்று கொடியது, ஒன்று சாது. ஒவ்வொன்றின் தூய மாதிரியும் நிறுத்த அளவில் கையில் இல்லாவிடில் கருவி காட்டும் கோட்டுக்கு அர்த்தமில்லை. 1987-இன் சோகத்திற்குப் பின் ஹாலிபாக்ஸ் ஆராய்ச்சிச் சாலையார் இப்படிக்கற்களைத் தயாரித்து உலகெங்கும் அனுப்பும் வேலையை மேற்கொண்டனர். பெரிய கண்டுபிடிப்புகளுக்குக் கிடைக்கும் கைதட்டல் இத்தகைய வேலைக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் சுண்டெலியின் கூட்டைத் திறந்த சாவி அதுவே என்பது நம் அபிப்பிராயம்.

சட்டம் மெதுவாகவே நகர்ந்தது. உயிரை வதைக்காத வேறு தக்க முறை இருக்குமாயின் பிராணிச் சோதனை கூடாதென்று ஐரோப்பிய தேசங்கள் 1986-லேயே விதி செய்திருந்தன. அதே தேசங்களின் உணவுச் சட்டமோ சிப்பிக்குச் சுண்டெலிச் சோதனையே வேண்டுமென்றது. இடது கை தடுத்ததை வலது கை கட்டளையிட்ட இவ்விந்தை கால் நூற்றாண்டு வரை நீடித்தது. காரணம் அறிவின்மையன்று. ஏற்கனவே பழகிய முறை. அதன்மேல் எழுந்த வியாபார ஒப்பந்தங்கள். புதுக் கருவியின் விலை. ஒரு வழக்கம் தவறென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பின்பும் அது எத்தனை வருஷம் உயிரோடிருக்கும் என்பதைச் சீர்திருத்தம் பேசும் நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. முடிவில் 2011-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து பேதி நஞ்சு வகைகளுக்கு இரசாயன முறையே பிரதான முறையாயிற்று. சுண்டெலிக்கு 2014 முடிவு வரை தவணை கொடுக்கப்பட்டது. முடக்கு நஞ்சுக்கு 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து லாரன்ஸ் முறை அவ்விடத்தைப் பெற்றது. பெயரறியாத புது நஞ்சுகளைத் தேடுவதற்கு மட்டும் சுண்டெலிக்கு ஒரு சிறு வாயில் 2011-ஆம் வருஷச் சட்டத்தில் திறந்து வைக்கப்பட்டது. கில்லரித் துறையை நினைவில் வைத்தவர்கள் எழுதிய வாசகம் அது என்று நமக்குத் தோன்றுகிறது.

இதுவரையில் சொன்னது கருவி வாங்கப் பணமுள்ள நாடுகளின் கதை. நமது கடல்களின் கதை வேறு. 1976-இல் போர்னியோவின் வடமேற்குக் கரையில், சபாவிலும் புருணையிலும், கடல் முதன்முதலாகச் செந்நிறங் கொண்டது. சபாவில் மட்டும் 202 பேர் நோயுற்று 7 பேர் மாண்டனர். 1981-இல் தமிழ்நாட்டில் செங்கற்பட்டுக் கரையோரத்து வாயலூரில் மட்டியுண்டு 85 பேர் ஆஸ்பத்திரி சேர்ந்தனர். 3 பேர் இறந்தனர். இவ்வூர்களில் நோய் வந்த அன்று சுண்டெலியும் சோதிக்கப்படவில்லை, குரோமடோகிராபியும் இல்லை. ஆறேழு வருஷம் கூலி சேர்த்தாலும் ஒரு தொழிலாளியால் வாங்க முடியாத கருவியை மீன்பிடிக் கிராமத்தில் வைப்பது எவ்வாறு?

இதற்காகச் செய்யப்பட்ட முயற்சிகளும் உண்டு. நரம்பு வாயிலோடு நஞ்சு எவ்வளவு ஒட்டுகிறது என்பதைக் கதிரியக்கமுள்ள நஞ்சைக்கொண்டு அளக்கும் முறையொன்றைச் சர்வதேச அணுசக்தி நிலையத்தார் பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளுக்குக் கற்பித்தனர். அது 2011-இல் அதிகார முறையுமாயிற்று. இதற்கு வேண்டும் நரம்புப் பொருளை எலியின் மூளையிலிருந்தே எடுத்தனர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஒரு மூளை பல மாதிரிகளுக்குப் போதும் என்பதுதான் இலாபம். சுண்டெலியின் நரம்புக்கட்டி ஒன்றிலிருந்து எடுத்து, கண்ணாடித் தட்டில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கும் உயிரணுக்களின் மேல் சோதிக்கும் முறையும் உண்டு. ஒரு பிராணி என்றோ இறந்தது, அதன் அணுக்கள் இன்னமும் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கின்றன. சாற்றில் தோய்த்தால் கோடு காட்டும் காகிதப் பட்டைகளும் வந்திருக்கின்றன. படகிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆனால் பட்டை 'ஆம்' அல்லது 'இல்லை' என்றுதான் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. அதன் 'ஆம்' எனும் சொல்லுக்குப் பின் உறுதி செய்ய ஓர் ஆராய்ச்சிச் சாலையும், கரையை மூட ஓர் உத்தியோகஸ்தரும், மூடிய நாட்களில் அக்குடும்பங்களுக்குக் கஞ்சிக்கு வழியும் வேண்டும். சுண்டெலியை விடுவித்துவிட்டு அவ்விடத்தில் ஒன்றும் வைக்காமற் போனால், காலியான அவ்விடத்தில் கரையோரத்து ஏழை வந்து நிற்பான்.

2001-ஆம் வருஷம் செப்டம்பரில் நமது கிளந்தான் மாநிலத்துத் தும்பாட் பகுதியில் உப்பங்கழிச் சேற்றில் எடுத்த 'லோக்கான்' மட்டியை உண்டு ஆறு பேர் நோயுற்றனர். அவர்களுள் ஒருவர் இறந்தார். அதன் பிறகே அக்கழியின் நீரை எடுத்து நுண்பெருக்காடியில் பார்த்தனர். மலேசியக் கடலில் அதுவரை காணப்படாத ஒருவகை நச்சுயிர் அங்கே இருக்கக் கண்டனர். அது அங்கே இருக்கிறதென்பதை முதன்முதலில் அறிவித்தது அந்த ஆறு பேருடைய உடம்பு.